பொதுத் தோட்டத்தில் மரப்பட்டை மூடாக்கு: வாசகர் கேள்வி – பதில்

அடுக்ககங்களிலும் தனி வீட்டு வளாகங்களிலும் பொதுப் பாத்திகளின் மேல் மரப்பட்டைத் துண்டுகளை மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, பரப்பும் வழக்கம் கூடிவருகிறது. குடியிருப்போர் நலச் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களும் குடியிருப்போரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

*

கேள்வி: எங்கள் வளாகத்தில் பொதுப் பாத்திகள் மொத்தம் 3,000 சதுர அடி. தோட்ட ஒப்பந்ததாரர் பைன் மரப்பட்டையை 6 அங்குலக் கனத்துக்குப் போடலாம் என்று விலைப்பட்டியல் தந்திருக்கிறார். அவ்வளவு கனம் தேவையா? பைன் பட்டைதான் போட வேண்டுமா?
– சங்கச் செயலாளர், மேடவாக்கம்

பதில்: 6 அங்குலம் வேண்டவே வேண்டாம். ஓரிரு அங்குல நீளத் துண்டுகளாக இருந்தால் 3 அங்குலக் கனம் போதும். தூளும் நாருமாக இருந்தால் 2 அங்குலமே போதும். 4 அங்குலத்தைத் தாண்டிவிட்டால், கோடையில் பெய்யும் சிறு மழை முழுவதையும் மூடாக்கே குடித்துவிடும்; கீழே மண் காய்ந்து கிடக்கும். மண்ணுக்குள் காற்றோட்டமும் குறையும். அப்போது வேர்கள் காற்றையும் ஈரத்தையும் தேடி மேலேறி மூடாக்குக்குள்ளேயே படரத் தொடங்கும். சித்திரை வெயிலில் அது காயும்போது அந்த வேர்களும் கூடவே காய்ந்துபோகும்.

அளவைக் கணக்கிடுவது எளிது. 3 அங்குலம் என்பது கால் அடி. 3,000 சதுர அடியைக் காலால் பெருக்கினால் 750 கன அடி. டிப்பரில் வருவதை யூனிட் கணக்கில்தான் பேசுவார்கள். 1 யூனிட் 100 கன அடி. ஆக உங்களுக்கு 7.5 யூனிட் வேண்டும். முதல் மழையில் அமுங்குவதை ஈடுகட்ட 8 யூனிட்டாக வாங்கிக்கொள்ளலாம். 6 அங்குலத்துக்கு 15 யூனிட் ஆகிறது; அதில் பாதிப் பணம் செடிக்குக் கெடுதல் செய்யவே செலவாகும்.

பைன் பட்டை நல்ல பொருள்தான். பட்டையில் மெழுகுத்தன்மை கொண்ட சூபரினும், மரத்தை இறுக்கும் லிக்னினும் அதிகம். அதனால் கட்டைச் சில்லைவிட மெதுவாக மட்கும், மண்ணிலிருந்து ஈரத்தையும் அதிகம் உறிஞ்சாது. ஆனால் நமக்கு அது தொலைவிலிருந்து பையில் அடைத்து வரும் சரக்கு. 50 லிட்டர் பை ஒன்று 3 அங்குலக் கனத்தில் சுமார் 7 சதுர அடியை மூடும். உங்கள் இடத்துக்கு 425 பை வேண்டியிருக்கும். அதைத் தொட்டிகளுக்கும் நுழைவாயில் பாத்திக்கும் வைத்துக்கொண்டு, மீதிக்கு உள்ளூர்ப் பொருளைப் பயன்படுத்துங்கள் என்பதே எங்கள் யோசனை. வளாகத்து மரங்களைக் கவாத்து செய்யும்போது கிடைக்கும் கிளைச் சில்லு முதல் தேர்வு. அடுத்தது தென்னை மட்டைச் சில்லு. மூன்றாவது சவுக்கு, தைல மரப்பட்டை.

இரண்டில் எச்சரிக்கை வேண்டும். தென்னை மட்டையில் உப்பு இருக்கும். ஒரு பருவமழையில் நனைந்து கிடந்த குவியலாகக் கேட்டு வாங்குங்கள். புதுச் சரக்கு என்றால் இரண்டு முறை ஊறவைத்து வடித்த பிறகு பரப்புங்கள். தைல மரப்பட்டை நீளநீளமான உரியல்களாக வரும், புதிதாக இருக்கும்போது இளஞ்செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். அதை நறுக்கி, நனைத்து, மூன்று மாதமாவது காற்றாட வைத்திருந்து போட வேண்டும். சிவப்பு, கறுப்புச் சாயம் ஏற்றிய சில்லு வந்தால் எந்த மரம் என்று கேளுங்கள். சரக்கு அடுக்கும் பழைய பேலட் கட்டைகளையும் இடித்த வீட்டு மரச்சாமான்களையும் அரைத்துச் சாயம் போடுவது உண்டு. பூச்சிமருந்து ஏற்றிய கட்டை அதில் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

பரப்ப ஏற்ற நேரம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் நன்றாக நனைந்திருக்கும் மார்கழி, தை. காய்ந்த மண்ணை மூடினால் வறட்சியைத்தான் மூடிவைக்கிறோம். களை எடுத்து, சொட்டுநீர்க் குழாயை ஓடவிட்டு, அடைத்த சொட்டுவாய்களை மாற்றி, ஓர் அடி ஆழம் நனையும் அளவுக்குத் தண்ணீர் விட்ட பிறகே பரப்ப வேண்டும். குழாய் மூடாக்குக்கு அடியில் இருக்கட்டும். மேலே இருந்தால் தண்ணீரில் ஒரு பங்கு பட்டையை நனைப்பதிலேயே போய்விடும்.

*

கேள்வி: மரப்பட்டை போட்டால் கறையான் கட்டடத்துக்குள் வந்துவிடும் என்று தரைத்தள வீட்டுக்காரர்கள் எதிர்க்கிறார்கள். இந்தப் பயம் நியாயமா?
– வாசகர், வடவள்ளி, கோவை

பதில்: பாதி நியாயம். நம் மண்ணில் கறையான் ஏற்கெனவே இருக்கிறது. அது காய்ந்த பட்டையையும் சருகையும் தின்று மண்ணாக்குவது தோட்டத்துக்கு நல்லதே. பட்டையின் அடிப்பக்கம் மண் பூசினாற்போல் தெரிந்தால் அதற்காக மருந்து தெளிக்க வேண்டியதில்லை. மூடாக்கைச் சுவரோடு ஒட்டிப் போடுவதில்தான் சிக்கல். அப்போது சுவரடி எப்போதும் ஈரமாக இருக்கும்; கறையான் கட்டும் மண்தாரை மூடாக்குக்குள் மறைந்துவிடும். கதவு நிலை உளுத்த பிறகுதான் வீட்டுக்காரருக்கே தெரியவரும்.

எனவே சுவரிலிருந்து ஓர் அடி அகலத்துக்குப் பட்டையே போடாதீர்கள். அந்த ஓர் அடியில் 20 மில்லிமீட்டர் ஜல்லி பரப்பலாம், வெறும் மண்ணாகவும் விடலாம். மூடாக்கின் மேல்மட்டம் வீட்டுத் தரை மட்டத்துக்கு அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். கீழ்த்தளத்தின் காற்றுத் துளை, ஏசி வடிகுழாய் விழும் இடம் ஆகியவற்றையும் மூடக்கூடாது. ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தில் பட்டை கிடந்தால் ஆண்டு முழுக்க அங்கே ஈரம்தான்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கட்டடத்தைச் சுற்றி மண்ணில் கறையான் தடுப்பு மருந்து செலுத்தியிருப்பார்கள். கட்டடங்களின் கறையான் தடுப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313. கட்டி முடித்த கட்டடங்களுக்கான முறையை அதன் மூன்றாம் பகுதி சொல்கிறது. சுவரை ஒட்டிய மருந்து மண்ணைத் தோட்ட வேலைக்காகக் கொத்திப் புரட்டினாலும், அதன் மேல் புது மண் கொட்டி உயர்த்தினாலும் தடுப்பில் இடைவெளி விழும். மருந்து அடித்த தேதியும் வரைபடமும் சங்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை, அந்த ஓர் அடி இடைவெளி நெடுகிலும் சுவரடியை யாராவது ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவர வேண்டும். பென்சில் பருமனுக்கு மண்தாரை சுவரில் ஏறியிருந்தால் அதை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் பூச்சி ஓடினால் கறையான் தடுப்பு ஆட்களைக் கூப்பிட வேண்டும். வேப்பம் புண்ணாக்கு போடுவது மண்ணுக்கு நல்லது. அதை நம்பிச் சுவரோரத்தைச் சோதிக்காமல் இருக்கக் கூடாது.

*

கேள்வி: எங்கள் தோட்டம் தரைக்கடியில் உள்ள கார் நிறுத்தத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் பட்டையெல்லாம் மிதந்து நடைபாதைக்கு வந்து, வடிகால்களை அடைத்து, தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பட்டையே வேண்டாம் என்று முடிவெடுக்கலாமா?
– குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், சோழிங்கநல்லூர்

பதில்: முதலில் பாத்தியின் கரைக்கல்லைப் போய்ப் பாருங்கள். கரைக்கல்லின் விளிம்பு வரை மண் நிரப்பி, அதன் மேல் பட்டையைக் கொட்டியிருப்பார்கள். மிதந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். மண்மட்டம் கரைக்கல்லுக்கு 3 அங்குலம் கீழே இருக்க வேண்டும். அதில் 2 அங்குலம் பட்டை, மேலே 1 அங்குலம் வெற்றிடம். கனமழையில் தண்ணீர் தேங்கி இறங்க அந்த ஓர் அங்குலம் இடம் கொடுக்கும். மண் கூடுதலாக இருந்தால் வெட்டி எடுங்கள். மேல்தளத்தின் பாரமும் குறையும்.

அடுத்தது பொருள். உருண்டைக் கட்டிகளாக உள்ள பைன் பட்டை தண்ணீரில் நன்றாக மிதக்கும். கிழித்த நார்ப்பட்டை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் எளிதில் நகராது. மழைத் தண்ணீர் பாய்ந்து வரும் பாத்திகளிலும் சரிவுகளிலும் நார்ப்பட்டையையே போடுங்கள். மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் இடத்தில் எந்தப் பட்டையும் நிற்காது. அங்கே இரண்டடிச் சதுரத்துக்குக் கூழாங்கல் பதிப்பதுதான் வழி.

வடிகால் வாய் ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் அடிக்குக் கூழாங்கல் வளையம் இருக்கட்டும், வாயின் மேல் திறந்து பார்க்கக்கூடிய மூடி வேண்டும். கரைக்கல்லில் தண்ணீர் வெளியேற விட்ட ஓட்டைகளில் 10 மில்லிமீட்டர் கண் உள்ள துருப்பிடிக்காத வலையைப் பொருத்துங்கள். அதைவிடச் சிறு கண் வலையில் சருகு ஒட்டி, வலையே அடைப்பாகிவிடும். மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குப் போகும் வாய்க்காலில் பட்டை விழாமல் பார்ப்பது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். ஆனால் தொட்டியின் மணல் வடிப்படுக்கையில் பட்டைத்தூள் படிந்துவிட்டால் தண்ணீர் இறங்காமல் வெளியே வழியும். புரட்டாசியில் ஒருமுறை மேல்மணலைச் சுரண்டி மாற்றுங்கள்.

பாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நனைந்த பட்டை கன மீட்டருக்கு 500 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், 5 சென்டிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 கிலோதான் வரும். அதே கனத்துக்கு ஈர மண் 90 கிலோ வரும். புதுப் பட்டையிலிருந்து முதல் சில மழைகளில் தேயிலைச் சாயம்போல் பழுப்பு நீர் வடியும். வெளிர்நிற டைல்ஸ் என்றால் அன்றன்றே கழுவிவிடுங்கள். காய்ந்தால் கறை பிடிவாதமாக நிற்கும்.

*

கேள்வி: மழைக்குப் பிறகு பட்டையின் மேல் மஞ்சள் நுரை போல ஏதோ பரவியிருக்கிறது. வாந்தி போல இருக்கிறது என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். விஷமா?
– வாசகி, திருச்சி

பதில்: அது சளிப்பூஞ்சை என்னும் உயிரி. மட்கும் பொருளில் உள்ள பாக்டீரியாவைத் தின்று வாழ்கிறது, செடியைத் தாக்காது. இரண்டு மூன்று நாளில் காய்ந்து பழுப்புத் தூளாகிவிடும். அருவருப்பாக இருந்தால் ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் அள்ளிக் குப்பையில் போட்டுவிடுங்கள். காய்ந்த பிறகு கிளறினால் வித்துத்தூள் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சி அடித்தால் இன்னும் பரவும். வாரம் ஒருமுறை மேல்பட்டையை முள்வாரியால் கிளறிவிட்டால் வருவது குறையும்.

குடைக்காளானும் முளைக்கும். அதையும் செடிக்குக் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். ஆனால் குழந்தைகளும் நாய்களும் இருக்கும் வளாகத்தில் காலையிலேயே பிடுங்கி அப்புறப்படுத்திவிடுவது நல்லது. எது தின்னக்கூடியது என்று பார்த்துச் சொல்வது வல்லுநருக்கே கடினம்.

*

கேள்வி: பட்டை இறக்கிப் பரப்பிய மறுநாளே இக்சோராவின் (இட்லிப்பூச் செடியின்) இலைகள் பொசுங்கிவிட்டன. பரப்பும்போது காடி வாடை அடித்தது. வேறொரு பாத்தியில் செடிகள் பொசுங்கவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் வெளிறிவிட்டன. இரண்டுக்கும் காரணம் ஒன்றா?
– சங்க உறுப்பினர், ஓசூர்

பதில்: இல்லை, இரண்டும் வேறு. முதலாவது புளித்த பட்டை. ஆள் உயரத்துக்கு மேல் குவித்து, நனைந்து, காற்றில்லாமல் கிடந்த குவியலின் நடுவில் அசிட்டிக் அமிலம் போன்றவை உருவாகும். அதை அள்ளிவந்து பரப்பியதும் அந்த ஆவியும் கசிவும் கீழ் இலைகளைப் பொசுக்கிவிடும். உடனே பட்டையை வாரி எடுத்து, திறந்த தரையில் ஒரு சாண் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நன்றாக நனைத்து, மூன்று நான்கு நாள் புரட்டிப் போடுங்கள். வாடை போய் மண்வாசம் வந்த பிறகு பயன்படுத்தலாம். பாத்திக்கு நிறையத் தண்ணீர் விட்டு அமிலத்தைக் கழுவுங்கள். பெரும்பாலான புதர்ச் செடிகள் மறுபடி துளிர்க்கும். இனி லாரியிலிருந்து இறக்குமுன் குவியலின் நடுவில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். காடி வாடையோ அம்மோனியா வாடையோ அடித்தால் இறக்க வேண்டாம்.

இரண்டாவது தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. பட்டையில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். மண்ணின் மேல் பரப்பினால் இது பட்டையும் மண்ணும் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டும் நடக்கும். ஆழ வேரோடிய செடிக்குத் தெரியாது. மண்ணோடு கொத்திக் கலந்துவிட்டால்தான் ஆபத்து. உங்கள் பாத்தியில் களை கொத்தும்போது பட்டையையும் சேர்த்துக் கொத்தியிருக்க வாய்ப்பு அதிகம். தோட்டக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியாவை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் இலை பச்சை திரும்பும். இயற்கை முறையில் செய்வதானால் பட்டையை ஒதுக்கி, ஓர் அங்குலம் நன்கு மட்கிய தொழுவுரம் போட்டு, மறுபடி பட்டையால் மூடுங்கள். செவ்வந்தி, பால்சம் போன்ற மேல்வேர் உள்ள பருவச் செடிகளின் பாத்தியில் பட்டையைவிட மட்கிய இலைச்சருகே பொருத்தம்.

*

கேள்வி: இங்கே கனடாவில், மார்க்கம் நகரில் உள்ள எங்கள் டவுன்ஹவுஸ் (வரிசை வீட்டு) தொகுதியில் ஒவ்வொரு வசந்தத்திலும் மேப்பிள் மரங்களின் அடியைச் சுற்றி சீடர் மரத்தின் மல்ச்சை (மூடாக்கை) குவித்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு மரங்கள் நலிந்துவருகின்றன. வெள்ளைக் காரில் தார்ப்புள்ளிகள் போல் கறுப்புப் புள்ளிகளும் ஒட்டியிருக்கின்றன. தொடர்பு உண்டா?
– வாசகர், ஒன்ராறியோ

பதில்: இரண்டிற்கும் அந்த மல்ச்தான் காரணமாக இருக்கக்கூடும்.

மரத்தின் அடி மண்ணைத் தொடும் இடத்தில் அகன்று விரியும். அந்தக் கழுத்துப் பகுதி காற்றில் இருக்க வேண்டியது. ஆண்டுதோறும் அதைச் சுற்றி எரிமலைக் கூம்புபோல் குவித்தால் மரத்தின் பட்டை ஈரத்தில் அழுகும். குவியலுக்குள் புது வேர்கள் முளைத்து அடிமரத்தைச் சுற்றி வளைந்து, மரம் பருக்கும்போது அதையே நெரிக்கும். மேப்பிளில் இது அடிக்கடி காணப்படுவது. எலிகளும் அந்தக் குவியலில் குளிர்காலத்தைக் கழித்துப் பட்டையைக் கொறிக்கும். செய்ய வேண்டியது: குவியலைக் கையால் விலக்கி, வேர் விரியும் இடம் கண்ணில் படும்வரை திறக்க வேண்டும். அடிமரத்திலிருந்து 4 முதல் 6 அங்குலத்துக்கு வெறுமையாக விட்டு, வெளியே 3 அங்குலத்துக்கு மேல் போகாமல் வட்டமாகப் பரப்ப வேண்டும். மெல்லிய சுற்றுவேர்களைக் கவாத்துக் கத்திரியால் நறுக்கலாம். விரலைவிடப் பருத்தவற்றை மரப் பராமரிப்பு வல்லுநரிடம் விட வேண்டும். பொதுநிலம் என்பதால் நீங்களே மண்வெட்டியோடு இறங்காமல், அடிமரத்தைப் படமெடுத்து நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

பழைய மல்ச் 2 அங்குலம் மீதமிருந்தால் மேலே 1 அங்குலம் போதும் என்பதையும் எழுதுங்கள். ஒரு கன யார்டு 3 அங்குலக் கனத்தில் 108 சதுர அடியை மூடும். 1 அங்குலம் மேல்பூச்சு என்றால் 324 சதுர அடி. ஆண்டுச் செலவு எவ்வளவு குறையும் என்று குழுவுக்கே புரியும்.

கறுப்புப் புள்ளிகள் பீரங்கிப் பூஞ்சையின் வித்துப் பொதிகளாக இருக்கலாம். ஈரமான மரச்சில்லில், குளிர்ச்சியான வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வளரும் இந்தப் பூஞ்சை தன் பொதியை வெளிச்சத்தை நோக்கிப் பல அடி தூரம் எறியும். வெள்ளைச் சுவரும் வெள்ளைக் காரும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அவையே இலக்காகின்றன. ஒட்டிய புதிதில் சோப்புத் தண்ணீரால் கழுவிப் பாருங்கள். காய்ந்த பிறகு சுரண்டினால் பெயின்ட்டோடு வரும். கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய பாத்தியில் மரச்சில்லை எடுத்துவிட்டுப் பெரிய பைன் பட்டைக் கட்டிகளையோ சரளைக்கல்லையோ போடுவது நிலையான தீர்வு. பட்டைக் கட்டி சீக்கிரம் உலர்வதால் பூஞ்சைக்குப் பிடிப்பதில்லை. காளான் பண்ணையில் கழித்த உரத்தை 40 விழுக்காடு கலந்தால் பூஞ்சை வெகுவாக அடங்குவதைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

உங்கள் வீடுகள் வினைல் என்னும் பிளாஸ்டிக் பலகை போர்த்திய வெளிச்சுவர் கொண்டவை என்றால் தீயையும் யோசியுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 முதல், ஆறுக்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்களில் மரம், வினைல் போன்ற எரியும் வெளிச்சுவருக்கு 18 அங்குலத்துக்குள் புதிதாக மல்ச் போடக்கூடாது என்று விதி வந்தது. உங்கள் இடத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த 18 அங்குல அளவை நீங்களும் கடைப்பிடிக்கலாம்.

*

கேள்வி: தீபாவளிப் பட்டாசால் பட்டை பற்றிக்கொள்ளுமா?
– வாசகி, சிவகாசி

பதில்: பற்றும். அதுவும் சுடர் தெரியாமல் உள்ளுக்குள் கனன்று, பல மணி நேரம் கழித்து எரியும். முதல்நாள் மாலையும் அன்று பிற்பகலும் பாத்திகளை நனையுங்கள். வெடிக்கும் இடத்தைப் பாத்தியிலிருந்து தள்ளி ஒதுக்குங்கள். இரவு எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் சுற்றிவந்து புகை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். புகைந்தால் கிளறிக் கிளறித் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே மட்டும் ஊற்றினால் அணையாது. எரிவாயு சிலிண்டர் அறை, ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர், மின்பெட்டி ஆகியவற்றைச் சுற்றி எந்தப் பருவத்திலும் பட்டை வேண்டாம், ஜல்லி போடுங்கள்.

*

கேள்வி: பட்டை போட்டும் கோரை முளைக்கிறது. கீழே பிளாஸ்டிக் விரிப்பு போடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: விதையிலிருந்து முளைக்கும் களைகளைத்தான் மூடாக்கு அடக்கும். கோரைக்குக் கிழங்கு உண்டு. அதன் கூர்முனை பட்டையையும் துளைக்கும், பிளாஸ்டிக் தாளையும் துளைக்கும். விரிப்பு போட்டால் தண்ணீரும் காற்றும் இறங்காமல் மண் கெடும். இரண்டாம் ஆண்டில் விரிப்பின் மேல் மட்கிய பட்டையிலேயே களை வேரூன்றும். பிடுங்கினால் விரிப்பும் கூடவே கிழிந்து வரும். பட்டையை ஒதுக்கி, மண்ணை நனைத்து, ஒரு முழம் ஆழம் வரை கிழங்கோடு தோண்டி எடுங்கள். மீதமிருந்து முளைப்பதை நாலைந்து இலைப் பருவத்துக்குள் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் கிழங்கு இளைக்கும். மூடாக்கால் மண் பொலபொலவென்று இருப்பதால் பிடுங்குவது எளிது. கோரை விஷயத்தில் அதன் உதவி அவ்வளவுதான்.

*

கேள்வி: ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அடியில் மணலுக்குப் பதில் பட்டை போடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: போடலாம், ஆனால் அது பாத்திக் கணக்கு அல்ல. இங்கே கனம்தான் பிள்ளையின் தலையைக் காக்கிறது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத்திடல் கையேட்டின்படி, அமுங்கிய நிலையில் 9 அங்குலம் மரமல்ச் 7 அடி உயரத்திலிருந்து விழுவதற்கும், 9 அங்குலம் மரச்சில்லு 10 அடிக்கும் போதுமானது. மணல் 4 அடிக்குத்தான். அமுங்குவதைக் கணக்கிட்டு 12 அங்குலம் நிரப்ப வேண்டும். கீழே கான்கிரீட் தளம் இருந்தால் அதன்மேல் அப்படியே கொட்டாமல், வடிகாலுக்கு ஜல்லிப் படுகையும் மேலே ஜியோடெக்ஸ்டைல் (தண்ணீரை மட்டும் கீழே விடும் வடிதுணி) துணியும் போட்ட பிறகு நிரப்புங்கள். ஊஞ்சலடியிலும் சறுக்குமர முனையிலும் கால் பட்டுக் குழி விழும். அங்கே வாரந்தோறும் வாரி நிரவ வேண்டும். கம்பத்தில் 12 அங்குலத்தில் ஒரு கோடு வரைந்துவிட்டால் குறைவது யார் கண்ணுக்கும் தெரியும். அரளிக் கிளை கலந்த சில்லையும் முள்மரச் சில்லையும் இங்கே போடக்கூடாது.

*

கேள்வி: வளாகத்தில் நிறையத் தென்னை உண்டு. மட்டை, கிளை, சருகு எல்லாவற்றையும் நாங்களே அரைத்துப் போடலாமா? காண்டாமிருக வண்டு பெருகும் என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கட்டாயம் செய்யுங்கள். தோட்டக் கழிவைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. பெரிய வளாகங்கள் மட்கும் கழிவை முடிந்தவரை உள்ளேயே பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்லின. சருகை எரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அரைவை எந்திரத்தில் மட்டையின் தடித்த அடிப்பகுதியைப் போட்டால் நார் சுற்றிக் கத்தி நின்றுவிடும். அடியை வெட்டி ஒதுக்கிவிட்டு, ஓலையையும் நுனிப்பகுதியையும் அரையுங்கள். வாடியும் வாடாமலும் இருக்கும் கிளை நன்றாக அரைபடும். தஞ்சாவூர் வாடல் என்னும் பூஞ்சை நோய் கண்ட தென்னையின் அடிமரம், வேர் எதையும் அரைத்துப் பரப்பக்கூடாது. அந்தப் பூஞ்சை மற்ற மரங்களுக்கும் போகும்.

காண்டாமிருக வண்டு முட்டையிடுவது ஆழமான, ஈரமான, மட்கிக்கொண்டிருக்கும் குவியலில்: எருக்குழி, உளுத்த தென்னங்கட்டை, மாதக்கணக்கில் கிளறாத சருகுக் குவியல். 3 அங்குலப் பரப்பு அதற்கு ஏற்ற இடமல்ல. ஆகவே அரைத்ததைச் சேர்த்து வைக்காமல் பரப்பிவிடுங்கள். குவியல் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடிவரை புரட்டுங்கள். வளைந்து சுருண்ட கொழுத்த வெள்ளைப் புழுக்கள் தென்பட்டால் பொறுக்கி அழியுங்கள். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சணத்தை, உறையில் சொன்ன அளவில், குவியலில் கலந்தால் புழுக்கள் நோயுற்று மடியும்.

*

கேள்வி: பட்டைக்கடியில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் பெருகிவிட்டன. பட்டையை எடுத்துவிடலாமா?
– சங்கப் பொருளாளர், மடிப்பாக்கம்

பதில்: மழைக்காலம் முடியும்வரை ஓரங்களில் மட்டும் எடுத்து மெலிதாக்குங்கள். மாலையில் ஈரச் சாக்கைப் பாத்தியில் விரித்து, அடியில் பப்பாளி இலையோ தண்டோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். விடியுமுன் நத்தைகள் அங்கே கூடியிருக்கும். கையுறை போட்டு எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒட்டுண்ணிப் புழுவை அவை சுமக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொட வேண்டாம். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். பாத்தியில் உப்பைத் தூவாதீர்கள், செடி கெடும். மண்ணில் பட்டாணி அளவுக்கு மஞ்சள்வெள்ளை முட்டைகள் கொத்தாகக் கிடந்தால் அவற்றையும் நசுக்குங்கள்.

*

கேள்வி: ஆண்டு ஒப்பந்தத்தில் மூடாக்கைப் பற்றி என்னென்ன எழுத வேண்டும்?
– செயற்குழு உறுப்பினர், அண்ணாநகர்

பதில்: "தேவையான இடங்களில் மல்ச் போடப்படும்" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். பொருளின் பெயரையும் துண்டின் அளவையும் எழுதுங்கள். யூனிட் எண்ணிக்கையைச் சரிபார்க்க, சரக்கு வந்திறங்கும்போது சங்க ஆள் ஒருவர் டிப்பரின் நீள அகல உயரத்தை டேப்பால் அளந்து கையெழுத்திட வேண்டும். பரப்பிய பிறகு பத்து இடங்களில் அளவுகோலைச் செருகிப் பார்த்து, சராசரி 3 அங்குலம் இருந்தால்தான் பணம். அடிமரத்துக்கு அரை அடி, புதர்ச்செடித் தண்டுக்கு 3 அங்குலம், சுவருக்கு ஓர் அடி, வடிகாலுக்கு ஓர் அடி என்று விட வேண்டிய இடைவெளிகளை எண்ணாகவே எழுதுங்கள்; எண் இல்லாவிட்டால் வேலையாள் பார்வைக்கு நிறைவாகத் தெரியும்படி எல்லாவற்றையும் மூடிவிடுவார். மாதம் ஒருமுறை கிளறுவது, புரட்டாசியில் வடிகால் ஓரங்களைச் சுத்தம் செய்வது, தையில் அளந்து பார்த்துக் குறைந்ததை மட்டும் நிரப்புவது ஆகிய மூன்றும் பராமரிப்புக் கட்டணத்துக்குள் வர வேண்டும். பழைய பட்டையை வாரிக்கொண்டு போய்ப் புதிதாகப் போடுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடியில் மட்கியிருப்பது உங்கள் மண்ணுக்குச் சேர வேண்டிய உரம்.